ஆக்சிலைப் பலப்படுத்துவதா, மொத்தமாக மாற்றுவதா?

ஆஃப்ரோடு வண்டியில் பெரிய டயர் ஏற்றி, லாக்கரும் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) போட்ட பிறகு வருகிற முதல் கேள்வி, சக்கரங்களைச் சுற்ற வைக்கும் அச்சுத் தொகுதியான ஆக்சிலைப் பற்றியது. இருக்கிற ஆக்சிலுக்குள்ளேயே பலமான ஷாஃப்ட், நல்ல கிரவுன் பினியன் (பெரிய கிரவுன் வீலும் சின்ன பினியனும் சேர்ந்த பல்சக்கர ஜோடி) என்று போட்டுச் சமாளிக்கலாமா? இல்லை, அதை அப்படியே கழற்றிவிட்டு வேறொரு கனமான வண்டியின் ஆக்சிலைக் கொண்டுவந்து பொருத்தலாமா?

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் வண்டி நன்றாகவே ஓடும். பணம் வீணாவது முடிவெடுக்காமல் இழுத்தடிப்பதில். இந்த வருடம் ஷாஃப்ட், அடுத்த வருடம் லாக்கர், அப்புறம் கிரவுன் பினியன் என்று சின்ன ஆக்சிலுக்குள் தவணை முறையில் கொட்டிவிட்டு, கடைசியில் அதையும் கழற்றி ஓரமாக வைக்கிறவர்கள் நிறைய. சின்ன ஆக்சிலுக்காக வாங்கிய ஷாஃப்டோ லாக்கரோ பல்சக்கரமோ பெரிய ஆக்சிலுக்குள் போகாது. அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலான வேலை காகிதத்தில் முடிந்துவிட வேண்டும்.

முதல் வேலை: கடைசி டயர் அளவைத் தீர்மானியுங்கள்

இன்று வண்டியில் இருக்கும் டயரை விடுங்கள். இந்த வண்டி இன்னும் சில வருடம் உங்களிடம் இருந்தால் எந்த அளவு டயரில் போய் நிற்பீர்கள்? 33 அங்குலமா, 35 ஆ, 37 ஆ? ஆக்சில் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஆஃப்ரோடு வட்டாரத்தில் அதிகம் அடிபடும் ஜீப் ஆக்சில்களையே எடுத்துக்கொள்வோம் (டானா என்பது கம்பெனி, கூட வரும் எண் மாடல்). டானா 30 முன் ஆக்சிலில் கிரவுன் வீலின் விட்டம் ஏறத்தாழ 7.2 அங்குலம். ஜீப்பின் பழைய ராங்லர் மாடல்களின் பின்னால் வந்த டானா 35 இல் 7.6 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. டானா 44 இல் 8.5 அங்குலம், டானா 60 இல் 9.75 அங்குலம். ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட் பின் ஆக்சிலில் 10.5 அங்குலம். பொதுவாக 33 அங்குலம் வரை டானா 30, 35 வகையறாவைப் பார்த்து ஓட்டலாம். 35 க்கு டானா 44 அளவு வேண்டும். 37 க்கு மேல் போனால் டானா 60 வகைதான் நிம்மதி. வண்டி லேசானதாக இருந்தால் இந்தக் கோடுகள் ஒரு படி மேலே நகரும். வின்ச், ஸ்டீல் பம்பர், கூரைக் கேரியர் என்று கனம் ஏற்றியிருந்தால் ஒரு படி கீழே இறங்கும்.

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ராங்லரின் ஜேகே தலைமுறையில் ருபிகான் மாடலுக்கு முன்னாலும் டானா 44 வந்தது. உள்ளே கிரவுன் வீலும் ஷாஃப்டும் பெரியவைதான். ஆனால் வெளியே இருக்கும் குழாயும், நக்கிளை (சக்கரத்தோடு திரும்பும் பகுதி) தாங்கும் 'சி' வடிவ முனைகளும் டானா 30 இல் இருப்பதைவிடப் பெரிதாக வலுவானவை அல்ல. பெரிய டயரோடு வேகமாகக் குதித்து இறங்கினால் இரண்டும் ஒரே மாதிரிதான் வளையும்.

இரண்டாவது: ஆக்சிலுக்கு எவ்வளவு சுமை வருகிறது என்று கணக்குப் போடுங்கள்

250 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) லோ ரேஞ்ச் 2.7, ஆக்சில் ரேஷியோ (கிரவுன் வீலின் பற்களைப் பினியன் பற்களால் வகுத்த எண்) 4.1. எல்லாவற்றையும் பெருக்கினால் 11,070 நியூட்டன் மீட்டர். இவ்வளவும் ஒரே ஷாஃப்டுக்குப் போனால் சின்ன ஆக்சில் எதுவும் மிஞ்சாது. தினமும் உடையாமல் இருப்பதற்குக் காரணம், அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடுகிறது.

அப்படியானால் உண்மையான எல்லை டயரின் பிடிமானம். ஒரு ஆக்சிலின் மேல் 1,000 கிலோ இருக்கிறது, தரையில் உராய்வுக் கெழு 0.8 என்றால், 28 அங்குல டயரில் ஏறத்தாழ 2,800 நியூட்டன் மீட்டர் வரை போன பிறகு டயர் சுற்ற ஆரம்பிக்கும். அதே வண்டியில் 35 அங்குல டயர் என்றால் அந்த எல்லை 3,500. எஞ்சினில் ஒன்றும் மாற்றவில்லை, ஆனாலும் ஷாஃப்டுக்கு வரும் முறுக்கு கால் பங்கு கூடிவிட்டது. வண்டியின் எடை கூடினாலும் இதே கதைதான்.

இப்போது லாக்கரைச் சேருங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மறு சக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. எரிச்சலாக இருந்தாலும் அதுவே ஷாஃப்டுக்குப் பாதுகாப்பு. லாக்கர் இருந்தால் தரையில் இருக்கும் ஒரே சக்கரத்தின் ஷாஃப்ட் வழியாக அந்த 3,500 முழுவதும் போகும். இதைவிட மோசமானது, டயர் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும்போது நடக்கிறது. அங்கே வழுக்க வழியில்லை, பிடிமானக் கணக்கு எதுவும் செல்லாது. காற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் சட்டென்று பாறையைப் பிடித்து நிற்கும்போது வரும் அதிர்ச்சியும் அப்படியே. ஆக்சில் உடையும் சத்தம் பெரும்பாலும் இந்த இரண்டு நேரத்தில்தான் கேட்கும்.

ஆக, டயர் அளவு, வண்டியின் எடை, லாக்கர், ஓட்டும் இடம் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் சுமை. மணலிலும் சேற்றிலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு 35 அங்குல டயரோடு டானா 30 பல வருடம் உழைக்கும். பாறையில் ஏறுகிறவருக்கு அதே ஆக்சில் ஒரு சீசனைத் தாண்டினால் பெரிய விஷயம்.

மூன்றாவது: எது முதலில் உடையும் என்று பாருங்கள்

ஆக்சிலில் எப்போதும் ஒரு பலவீனமான இடம் இருக்கும். அதைப் பலப்படுத்தினால் பலவீனம் காணாமல் போகாது, அடுத்த பாகத்துக்கு நகரும். வீட்டு ஃபியூஸ் மாதிரிதான்: மலிவான, சுலபமாக மாற்றக்கூடிய பாகம் முதலில் போவது நல்லது. முன் ஆக்சிலின் வெளி ஷாஃப்ட் போனால் கையில் மாற்று ஷாஃப்ட் இருந்தால் காட்டிலேயே மாற்றிவிடலாம். கிரவுன் வீலின் பல் உடைந்தால் காட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முன் ஆக்சிலில் பெரும்பாலும் முதலில் போவது ஸ்டீயரிங் முனையில் இருக்கும் யு-ஜாயிண்ட், அதாவது ஷாஃப்டைக் கோணத்திலும் சுற்ற விடும் மூட்டு. சக்கரத்தை முழுவதுமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால், அந்த மூட்டின் நடுவே இருக்கும் கிராஸ் துண்டின் தொப்பி கழன்று ஷாஃப்டின் காதைப் பிளந்துவிடும். ஜப்பானிய வண்டிகளில் யு-ஜாயிண்டுக்குப் பதில், அதே வேலையைக் கூண்டுக்குள் இருக்கும் குண்டுகளால் செய்யும் பிர்ஃபீல்ட் ஜாயிண்ட் வரும். அதிலும் முழுத் திருப்பத்தில் கூண்டும் குண்டுகளும் போவதுதான் வழக்கம்.

முன் கிரவுன் பினியனில் இன்னொரு சங்கதி உண்டு. பினியன் கீழே அமைந்த முன் ஆக்சில்களில், வண்டி முன்னோக்கிப் போகும்போது பல்லின் பலவீனமான பக்கத்தில்தான் சுமை விழுகிறது. ஹை பினியன் ஆக்சில் என்று தேடி வாங்குவது இதனால்தான். அதில் பல் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும், சுமை வலுவான பக்கத்தில் விழும். பின் ஆக்சிலில் இது தலைகீழ்: மாட்டிக்கொண்ட வண்டியை ரிவர்ஸில் அழுத்தி எடுக்கும்போதுதான் பல் போகும்.

ஷாஃப்டின் பருமனைப் பொறுத்தவரை, விட்டம் கொஞ்சம் கூடினாலே வலு நிறையக் கூடும், ஏனென்றால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டம் × விட்டம் × விட்டம் என்ற கணக்கில் ஏறுகிறது. 30 ஸ்ப்ளைன் (முனையில் வெட்டிய வரிப்பல்) ஷாஃப்ட் 1.31 அங்குலம், 35 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் 1.5 அங்குலம். தடிமன் வித்தியாசம் 15 சதவீதம் கூட இல்லை, வலு வித்தியாசமோ ஏறத்தாழ 50 சதவீதம். ஆக்சிலை மாற்றும் கட்சிக்காரர்களின் பெரிய வாதம் இதுதான். உலோகத்தை உயர்த்தி ஒரு அளவுக்குத்தான் போக முடியும். அதற்கு மேல் அளவே பெரிதாக வேண்டும்.

பின் ஆக்சிலில் செமி ஃப்ளோட்டா, ஃபுல் ஃப்ளோட்டா என்று பாருங்கள். செமி ஃப்ளோட்டில் ஷாஃப்டே வண்டியின் எடையையும் தாங்கி, சக்கரத்தையும் சுற்றுகிறது. அதிலும் சி கிளிப் வைத்துப் பிடிக்கும் வகை என்றால் ஷாஃப்ட் உடைந்ததும் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். ஃபுல் ஃப்ளோட்டில் எடையை ஹப்பும் ஸ்பிண்டிலும் தாங்கிக்கொள்ளும், ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். உடைந்த ஷாஃப்டை உருவிப் போட்டுவிட்டு, முன் சக்கர டிரைவில் வீட்டுக்கு வரலாம். தனியாகத் தொலைதூரம் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பலப்படுத்துவது என்று முடிவு செய்தால்

கடைசி டயர் 33, அல்லது லேசான வண்டியில் 35; லாக்கர் ஒன்றிரண்டு; பாறை எப்போதாவது. இப்படிப்பட்டவர்களுக்கு இருக்கிற ஆக்சிலைப் பலப்படுத்துவதே புத்திசாலித்தனம். வண்டியின் அகலம், பிரேக், ஸ்டீயரிங், ஏபிஎஸ் எதையும் தொட வேண்டாம். வார இறுதியில் வேலை முடிந்துவிடும்.

வேலையை ஹவுசிங்கிலிருந்து, அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நிறையப் பேர் ஷாஃப்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வளைந்த குழாய்க்குள் விலையுயர்ந்த ஷாஃப்டைப் போட்டு என்ன பயன்? இரண்டு முன் டயரும் உள் விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால், குழாயோ சி முனையோ வளைந்திருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். நேராக இருந்தால் சி முனைக்குக் கஸெட் (தாங்கு தகடு), குழாயின் மேல் டிரஸ் (வளையாமல் தாங்கும் இரும்புச் சட்டம்). வெல்டிங்கை நீளமாக ஒரே இழுப்பில் போட்டால் சூட்டில் குழாயே வாழைப்பழம் போல் வளையும். சின்னச் சின்னத் துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி, ஆற விட்டு ஆற விட்டுப் போட வேண்டும். நடுப்பகுதி வார்ப்பிரும்பு, அதில் குழாயைப் போலச் சாதாரணமாக வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். முன்சூடு தெரிந்த, நிக்கல் ராடு பழகிய கை வேண்டும்.

அடுத்து குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) ஷாஃப்ட், நல்ல யு-ஜாயிண்ட், தொப்பி கழலாமல் இருக்க முழுவட்டக் கிளிப். அப்புறம்தான் ரேஷியோ. பழைய ரேஷியோவைப் புது டயர் அளவால் பெருக்கி, பழைய டயர் அளவால் வகுத்தால் தேவையான எண் கிடைக்கும். 28 அங்குலத்தில் 3.73 இருந்தது, 35 க்குப் போகிறீர்கள் என்றால் 4.66 வரும், கடையில் கிடைப்பது 4.56 அல்லது 4.88. கனமான வண்டிக்கு 4.88 என் தேர்வு. ஆனால் எண் ஏற ஏற பினியன் சின்னதாகும், அதன் பற்களும் குறையும். சின்ன ஆக்சிலில் மிக உயர்ந்த ரேஷியோ போடுவது, இருக்கிற வலுவையும் குறைத்துக்கொள்வதுதான். இந்த இடத்தில் தயக்கம் வந்தால் அது நல்ல தயக்கம்: பெரிய ஆக்சிலைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

லாக்கர் வாங்குவதானால் ரேஷியோ மாற்றும் அன்றே போட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ஹவுசிங்கைத் திறந்து, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து அளக்கும் அதே கூலிதான். ரேஷியோ ஒரு எல்லையைத் தாண்டினால், கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரே வேறு. டானா 30 இல் அந்த எல்லை 3.55 க்கும் 3.73 க்கும் நடுவே, டானா 44 இல் 3.73 க்கும் 3.92 க்கும் நடுவே.

மாற்றுவது என்று முடிவு செய்தால்

37 அங்குலம், முன்னும் பின்னும் லாக்கர், கனமான வண்டி, பாறை. இதில் மூன்று பொருந்தினாலே சின்ன ஆக்சிலில் காசு போடாதீர்கள். ஷாஃப்டும் கிரவுன் பினியனும் லாக்கரும் டிரஸ்ஸும் கூலியும் சேர்த்துப் பட்டியல் போட்டால், அந்தத் தொகை கனமான ஆக்சிலின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் எதிர்ப்பக்கத்திலும் நேர்மையாகப் பட்டியல் போட வேண்டும். ஆக்சிலின் விலை அதில் ஒரு வரிதான். அதைச் சுற்றி வரும் சில்லறைச் செலவுகள் சேர்ந்து இன்னொரு ஆக்சில் விலைக்கு வரும்.

அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை அளக்க வேண்டும். லாரி வகை ஆக்சில் சின்ன ஜீப்புக்கு மிக அகலம். டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும். குழாயை வெட்டிக் குறைக்கலாம், அப்போது ஷாஃப்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். மாறாக, அகலம் தானாகவே பொருந்தும் ஜோடிகளும் உண்டு. 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலப் பின் ஆக்சில் பழைய ராங்லர், செரோக்கிகளுக்கு ஏன் இவ்வளவு பிரபலம் என்றால், அகலம் ஏறத்தாழ அதே, சக்கர போல்ட்டும் அதே 5 போல்ட், 4.5 அங்குல வட்டம், 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட், டிஸ்க் பிரேக் வேறு. அதிலும் சி கிளிப் தான் என்பதை மறக்க வேண்டாம்.

முன்னும் பின்னும் வெவ்வேறு கம்பெனி ஆக்சில் எடுத்தால் சக்கர போல்ட் வட்டத்தை அளந்து பாருங்கள். ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 1999 முதல் 8 போல்ட், 170 மில்லிமீட்டர் வட்டம். ஜெனரல் மோட்டார்ஸின் '14 போல்ட்' என்ற பெயருள்ள ஆக்சிலிலும் சக்கரத்துக்கு 8 போல்ட்தான், ஆனால் 6.5 அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறாது. ஒரே ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு இப்படி ஓட்ட முடியாது.

முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஷாஃப்ட் வெளிவரும் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். இது ஒத்துவரவில்லை என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ரேஷியோ முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும், 4.10 க்கு 4.11 போன்ற பொடி வித்தியாசம் பரவாயில்லை.

தலைவலி தருவது கோணம். முன் ஆக்சிலில் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்பக்கச் சாய்வு) 4 முதல் 7 டிகிரிக்குள் இருந்தால்தான் வண்டி நெடுஞ்சாலையில் நேராகப் போகும். பினியனோ புரொப்பெல்லர் ஷாஃப்டை நோக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஹவுசிங்கில் இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். சஸ்பென்ஷனை நிறைய உயர்த்திய வண்டியில் சி முனையின் வெல்டிங்கை வெட்டி, திருப்பி, மறுபடி வைக்க வேண்டியிருக்கும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளை எல்லாம் முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, வண்டியைச் சொந்த எடையில் தரையில் இறக்கி, கோணம் அளந்த பிறகே முழு வெல்டிங்.

பிரேக் விஷயத்தில் பெரிய கேலிபர் அதிக எண்ணெய் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரோடு விட்டால் பெடல் தரைக்குப் போகும். ஏபிஎஸ் வளையத்தின் பல் எண்ணிக்கை மாறினால் விளக்கு எரியும், வேகமானியும் பொய் சொல்லலாம். கைபிரேக் கேபிள், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், யோக் அளவு, ஸ்டீயரிங் ராடு, பம்ப் ஸ்டாப் ஆகியவையும் பட்டியலில் இருக்கட்டும். உங்கள் ஊர் வாகனப் பதிவு விதியும் காப்பீடும் இப்படிப்பட்ட மாற்றத்தை ஏற்குமா என்பதை ஆக்சில் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தரை இடைவெளியையும் கணக்கில் எடுங்கள். 35 லிருந்து 37 க்குப் போனால் ஆக்சில் உயர்வது ஒரே ஒரு அங்குலம். பெரிய டிஃபரன்ஷியல் ஹவுசிங் அந்த ஒரு அங்குலத்தையும், சில நேரம் அதற்கு மேலும் தின்றுவிடும். 35 அங்குல டயரோடு 14 போல்ட் போட்டு, அடிப்பகுதியைப் பாறையில் இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை. அந்த டயருக்கு டானா 44 அளவே போதும்.

முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் ஒற்றை ஆக்சிலுக்கு மாறுவது ஆக்சில் வேலை மட்டும் அல்ல, சேஸியின் முன்பாதியையே திருப்பிக் கட்டும் வேலை. புதியவர்கள் அதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம்.

பழைய ஆக்சில் வாங்கும்போது

ஸ்கிராப் யார்டில் கையில் ஒரு காந்தமும் டேப்பும் இருக்கட்டும். கவரைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெயில் கறுப்புப் பசை போன்ற தூள் இருப்பது சகஜம். காந்தத்தில் துண்டு ஒட்டினால் வேண்டாம். கிரவுன் வீலின் பல்லை எண்ணி, பினியன் பல்லால் வகுங்கள்: 41 க்கு 10 என்றால் 4.10. தகட்டில் எழுதியிருப்பதைவிட இது நம்பகமானது. குழாய் நேராக இருக்கிறதா, சீல் உட்காரும் இடம் துருப்பிடித்துக் குழியாகியிருக்கிறதா, ஸ்பிண்டிலின் மரை நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கிங்பின்னையோ பால் ஜாயிண்டையோ கம்பியால் நெம்பி ஆட்டிப் பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் பேரிங், சீல், பிரேக் பாகங்கள் புதிதாக வாங்க வேண்டும் என்றே கணக்கு வையுங்கள்.

பொருத்திய பிறகு

கிரவுன் பினியன் பொருத்துவதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பேக்லாஷ் (பற்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளி) மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும். பேக்லாஷ் பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான எண் கிட்டோடு வரும் தாளில் இருக்கும். பல்லில் வண்ணப்பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். அதைக் காட்ட மறுக்கிற மெக்கானிக்கை மாற்றுங்கள்.

புதுப் பல்சக்கரத்தோடு முதல் 25, 30 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, முழுதாக ஆற விடுங்கள். இதையே சில முறை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை டிரெய்லரும் வேண்டாம், பாறையும் வேண்டாம். அதன் பிறகு எண்ணெயை மாற்றிவிடுங்கள். சக்கர நட்டுகளையும் லீஃப் ஸ்பிரிங்கின் யு-போல்ட்டுகளையும் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், முதல் ஆஃப்ரோடு ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி ஒருமுறை. அப்போதே வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் கோடு விட்டிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். விரிசல் முதலில் அங்கேதான் தெரியும்.